மை வைத்த விரல்

இருபத்திரண்டு வருடம் கட்சிக்குக் கொடி கட்டிய மாசிலாமணிக்குக் கிடைக்காத எம்.பி. சீட்டு, எங்கோ வடக்கு மாநிலத்தில் பிறந்த ரகுவீருக்குக் கிடைத்தது. வந்த மறுநாளே அந்த ஆள் தெருத்தெருவாகப் போய், "அம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். பெண்கள் பூரித்துப்போனார்கள். மாசிலாமணியின் மனைவி தனக்கோடிகூட, "கொழந்தையாட்டம் எவ்ளோ அழகா கேக்குறாரு!" என்றாள். அதே கேள்வியை மாசிலாமணி இத்தனை காலம் மரியாதையோடு கேட்டிருக்கிறார், ஒருத்தரும் பூரித்ததில்லை. வயிறு பற்றி எரிந்தது.

வாக்குப்பதிவு அன்று மாசிலாமணி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, ரகுவீர் மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். வேட்பாளரின் பெயர் சொந்த மாநிலத்து வாக்காளர் பட்டியலில்தான் இருந்தது. தனக்கே ஓட்டுப் போட இங்கே அவருக்கு வழியில்லை.

"அண்ணா, விரல் காட்டு" என்று மாசிலாமணியின் இடக்கையைப் பிடித்து, ஈரம் காயாத மையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை மாசிலாமணிக்குப் பழக்கமானது. ஒரு மாதமாகக் கண்ணாடியில் கண்டுவந்தது.

"எனக்குதானே, அண்ணா?"

"பின்ன வேற யாருக்குங்க?" என்ற மாசிலாமணி, பொத்தானை அழுத்திய வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.