சத்தமில்லாத பெட்டி

"இவ்வளவுதானா டீச்சர்?"

பண்ணையை நடத்தும் மேடம் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தேன் வெட்கப்பட்டு நகரவே இல்லை.

"அவ்வளவுதான்," என்றார் பாட்டு டீச்சர்.

"போன தடவை உங்க பெட்டிதானே முதல்ல வந்துச்சு?"

"போன தடவை எனக்குத் தொண்டைகூட நல்லாத்தான் இருந்துச்சு."

கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், மனசு உடைந்து தேறி வருகிறவர், யார் வந்தாலும் வேலை கொடுக்கிற பண்ணை அது. சக்கர நாற்காலிக்கு எட்டும் உயரத்தில் மேசை போட்டு, தேனீப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பெட்டி கயிறு. பார்வையில்லாத டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவார்.

ஆளுக்கொரு பெட்டி. வாரம் ஒருநாள் வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும். விதி ஒன்றே ஒன்று. தேன் தராத பெட்டி, காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு. பெட்டி போனால் வேனில் சீட்டும் போச்சு.

"நான் அப்பவே சொன்னேன் மேடம்!" சக்கர நாற்காலியிலிருந்து ஒரு குரல் கணீரென்றது. காலம் பூராவும் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்த குரல். ரிட்டையர் ஆகியும் எல்லாருக்கும் அவர் அனவுன்சர்தான். "பெட்டியைப் பாத்துக்கறதுக்குக் கண்ணு வேணாமா? என்னைப் பாருங்க, பாட்டில் பாட்டிலா எடுத்திருக்கேன்!"

"பாக்க முடியாதே சார். அதானே உங்க கம்ப்ளெயின்ட்டு?" என்றார் டீச்சர்.

வேன் டிரைவர் கிசுகிசுத்தார். "ராணித்தேனீ முதுகுல என்னை விட்டு நெயில் பாலிஷ் வைக்கச் சொன்ன ஆளாச்சே! கூட்டத்துல அடையாளம் தெரியணுமாம். யாருக்கு?"

டீச்சர் தன் சிவப்பு நகங்களை மடக்கிக்கொண்டார். "யாருக்கோ. ராணின்னா கொஞ்சம் ஷோக்கா இருக்க வேணாமா?"

அனவுன்சர் வாய் கொள்ளாமல் சிரித்தார். டீச்சர் போய்விட்டால் அவருக்கு நிம்மதி. காரணம் உண்டு.

வீட்டில் அவர் தனி ஆள். காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காபி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்," என்பார். பயணியும் அவர்தான். மகன் போனை எடுத்தால், "அப்புறம் கூப்பிடறேம்ப்பா," என்பான். அந்த 'அப்புறம்' எந்த பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று இதுவரை அறிவிப்பு வரவில்லை.

அதனால்தான், மழை முடிந்த கையோடு அவருடைய தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்துவிட்டபோது, அவர் மூச்சு விடவில்லை. வாராவாரம் வந்தார். காலிப் பெட்டிக்குப் புகை போட்டார். மூடியைத் திறந்து, "ஆஹா, என்ன சுறுசுறுப்பு!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி மூடினார்.

பக்கத்துப் பெட்டிக்காரியான டீச்சர் ஒருநாள் அதில் காதை வைத்தார்.

"என்ன சார், உங்க ஆளுங்க பேச்சு மூச்சைக் காணோம்?"

"தூங்குதுங்க டீச்சர்."

"மேடத்துக்கிட்ட எழுப்பிவிடச் சொல்லட்டுமா?"

அன்று வந்த காய்ச்சலில் மறுவாரம் அவர் பண்ணைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து மூடியைத் திறந்தால், ஙொய்ய்ய்ய்! பெட்டி நிறையத் தேனீ. எங்கிருந்தோ பறந்து வந்து குடியேறியிருக்கின்றன! அடித்தது யோகம் என்று வாயைப் பொத்திக்கொண்டார். கலைத்தால் ஓடிவிடுமோ என்று பயந்து, ராணி இருக்கும் கீழ்த்தட்டு மரச்சட்டங்களை மட்டும் அவர் தொட்டதே இல்லை.

இன்று அந்தப் பாட்டிலோடு நின்ற மேடம் தயங்கினார். "டீச்சர், விதி உங்களுக்கே தெரியும். அடுத்த வாரத்துலேர்ந்து வேன் உங்க வீட்டுக்கு..."

"புரியுது மேடம்." டீச்சர் கயிற்றை ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்தார். "பரவாயில்ல. வீட்ல ரேடியோ இருக்கு. அது பேசும், நான் கேட்டுக்குவேன். என்ன, நான் பேசினா அது கேக்காது."

டிரைவர்கூடச் சிரிக்கவில்லை.

மேடம் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "சார், இவ்வளவு தேன் கொடுத்த உங்க ராணியைக் காட்டுங்களேன், பாப்போம்."

அனவுன்சர் முகவலையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதன்முறையாகக் கீழ்த்தட்டுச் சட்டம் ஒன்றைத் தூக்கினார். தேனீக்கள் மொய்த்த அடையைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இதோ, நம்முடைய..."

கரண்ட் போன மைக் மாதிரி குரல் நின்றுவிட்டது.

"என்ன சார், ராணி இல்லையா?"

"இருக்கு." சட்டத்தை மெதுவாக உள்ளே இறக்கினார். "மேடம், ரெண்டு பேர் தேனையும் ஒண்ணா ஊத்துங்க. பாட்டில்ல அவங்க பேரையும் எழுதுங்க. டீச்சர் எங்கயும் போகக் கூடாது."

"சார், உளறாதீங்க! சுருதி தப்புது!" டீச்சர் பதறினார்.

"என் பெட்டி மாசக்கணக்கா காலியாக் கிடந்துச்சு மேடம். வேன் வராமப் போயிடுமேன்னு மறைச்சேன். இதுங்க என் தேனீ இல்ல."

"அதுங்களா பறந்து வந்திருக்கும்! கண்ணு தெரியாதவ, நான் என்னத்தைக் கண்டேன்?"

உண்மைதான். அனவுன்சர் வராத அந்த வாரம், கையால் தடவித் தடவித் தன் பெட்டியிலிருந்து அந்தக் காலிப் பெட்டிக்கு எடுத்து வைத்த சட்டங்களில், சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளியோடு தன் ராணியும் ஏறிப் போனதை டீச்சர் காணவே இல்லை.