துணைக்குப் போகிற பிள்ளை

“என்னவாம், மாஸ்டர் என்ன சொல்லுறார்?” என்று புனிதவதி மகளிடம் கேட்டாள். சுவிசுக்கு வந்த காலந்தொட்டு அவள் கேட்டு வருகிற கேள்வி அது. தபால் கந்தோரில் கேட்டாள், பல் வைத்தியரிடம் கேட்டாள். இன்று டாவோஸ் என்ற மலையூரில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கேட்கிறாள்.

மகள் கேட்ட மட்டில் புனிதவதியின் ஜெர்மன், ஓமுக்கு ‘யா’, நன்றிக்கு ‘டாங்க’ என்ற இரண்டோடு சரி. ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைத்து மடிக்க அதற்கு மேல் தேவைப்படவில்லை. மற்றதெல்லாம் மகள் நிலோஜினியின் வாயால்தான் நடந்தது.

எட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பழகிய கையோடு தொடங்கிய உத்தியோகம் அது. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. சிநேகிதிகள் பனியில் சறுக்கப் போகிற சனிக்கிழமைகளில் அவள் கடையில் நின்று தயிர் டப்பாவில் எழுதியிருப்பதைத் தாய்க்கு வாசித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பாசிரியர் நல்ல மனிதர், நிதானமாகவே பேசினார். மருத்துவம் படிப்பதென்றால் கடைசிச் சோதனை முடியும்வரை காத்திருக்கக் கூடாது, பெப்ரவரிக்குள் சூரிச்சுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இடம் குறைவு, பிந்தினால் ஒரு வருடம் போய்விடும். வீட்டில் சம்மதமா என்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு பகிடியும் விட்டார். இந்தக் கோழிக் கிறுக்கல் கையெழுத்தோடு நிலோஜினி டொக்டராக மட்டும்தான் போக முடியும் என்றார். புனிதவதி சிரித்தாள். விளங்காவிட்டாலும் சிரித்து வைப்பது அகதியாய் வந்தவர்களின் வழக்கம்தானே, நிலோஜினி அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

டொக்டராக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயது ஆசை. ஆனால் சூரிச்சில் அறை எடுத்துத் தங்கினால் அம்மா என்ன செய்வாள்? அப்பா ஊரிலேயே ஷெல்லடியில் போய்விட்டார். அம்மா வேலையை விட்டு வரவும் முடியாது. காய்ச்சல் என்று விழுந்தால் பக்கத்து வீட்டு மணியை அடித்து ஒரு சொல் சொல்லக்கூட அவளுக்கு வாய் இல்லை.

“அவசரம் ஒண்டும் இல்லையாம் அம்மா” என்றாள். “சோதினை முடியட்டுமாம். இப்போதைக்கு இஞ்சையே ஒரு வேலை பழகினால் நல்லதாம்.”

இத்தனை வருடத்தில் அவள் தெரிந்தே செய்த முதல் பிழையான மொழிபெயர்ப்பு அது. ஆசிரியர் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

புனிதவதி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆசிரியரின் பக்கம் திரும்பி, அந்த மலைச்சனம் பேசுகிற அதே இழுவை ஜெர்மனில் தங்குதடையில்லாமல் பேசினாள். பெப்ரவரி வரைக்கும் எதற்கு, இந்தக் கிழமையே மகள் விண்ணப்பிப்பாள் என்றாள். சூரிச்சில் பெண்பிள்ளைகள் தங்க நல்ல இடம் எது என்றும் விசாரித்தாள்.

ஆசிரியர் சந்தோசமாக விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். நிலோஜினி அதை வாங்காமல் தாயின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, உங்களுக்கு ஜெர்மன் தெரியுமோ? எப்ப இருந்து?”

“வந்த ரெண்டாம் வருசமே பிடிபட்டிட்டுது.”

“பிறகேன் என்னை எல்லா இடமும் இழுத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

புனிதவதி விண்ணப்பத்தை வாங்கி மகளின் மடியில் வைத்தாள்.

“தெரியுமெண்டு சொல்லியிருந்தால் நீ என்னோடை வந்திருப்பியோ?”