சிட்டு சொன்ன பொய்

கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நாய் சொல்ல நினைப்பதைப் பேசிக் காட்டும் பட்டையைச் சிட்டுவின் கழுத்தில் கட்டினார் டாக்டர் யாழினி. அந்தக் கிழநாயின் எலும்பெல்லாம் புற்றுநோய் பரவியிருந்தது.

"வலிக்குதாடா?" என்று சிட்டுவிடம் கேட்டார் அதை வளர்த்த ராயப்பன். சிட்டுவை விட்டால் அவருக்கு வேறு யாருமில்லை.

"வலிக்கல. வீட்டுக்குப் போலாம்," என்றது பட்டை.

அவர் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா டாக்டர்? சாகுற ஊசியெல்லாம் வேணாம்."

"கொஞ்சம் வெளிய இருங்கய்யா."

அவர் போனதும் யாழினி குனிந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"ரொம்ப வலிக்குது. அப்பாகிட்ட சொல்லாதீங்க. அழுவாரு."

கதவுக்கு வெளியே நின்ற ராயப்பனுக்கும் அது கேட்டது. உள்ளே வந்து சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்டுடுங்க டாக்டர்," என்றார். பிறகு அதன் காதருகே, "அப்பா அழலடா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.