வழியில் அழக் கூடாது

வண்டியில் மூவர் இருந்தார்கள். ஓட்டும் இருக்கையில் இருதயராஜ், பக்கத்தில் மனைவி பிலோமினா, பின்னால் அவளுடைய தங்கை கிரேசி. பிலோமினாவின் சிகிச்சைக்காக மனநல ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. ஏறியவர்களின் மனம் கலங்கியிருந்தால் விபத்துக்கு வாய்ப்பு என்று கிலோமீட்டருக்கு இரட்டைக் காப்பீட்டுக் கட்டணத்தை வண்டியே பிடித்துக்கொள்ளும் காலம் அது.

பிலோமினாவின் உதடு துடித்தது.

"அழுதுராத பிலோ, வண்டிக்குக் கேக்கும்," என்றார் இருதயராஜ்.

"இந்தா, சிரிச்சிட்டேன். பல்லையும் எண்ணணுமா?"

"அத்தான், நீங்க இந்த வண்டிக்கே தாலி கட்டியிருக்கலாம்," என்றாள் கிரேசி.

ஆறு மாதமாக வாராவாரம் இப்படிச் சிரித்துப் பழகிய பிலோமினா, அன்று டாக்டர் முன்னாலும் சிரித்தாள். குணமாகிவிட்டது என்று அவர் சிகிச்சையை முடித்துவிட்டார். வீடு வந்ததும் பிலோமினா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இருதயராஜ் தாளின் ஓரத்தை மடித்து, பெறுநர் முகவரியில் தொடங்கி எழுதினார்.

"பொருள்: மனைவி பிலோமினாவுக்கு இன்னும் குணமாகாதது குறித்து. ஐயா, தாங்கள் பார்த்த சிரிப்பு, கட்டணத்துக்குப் பயந்து நான் பழக்கியது. தயவுசெய்து அவளை மறுபடி கூப்பிடுங்கள். இனி வழியெல்லாம் அழுதுகொண்டே வரட்டும்."

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உறையை ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டார்.