சந்தனம் வைத்த போர்டு

“டவரு மொதல்ல காத மூடுமா, மொதல்ல கத்துமாப்பா?”

வீரமணியின் மகள் என்றோ ஒருநாள் சோறு தின்னும்போது கேட்டது. திருபுவனை கம்பெனியில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தபோது அவன் அதைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசை ஜெயசுதா மட்டும் கரைத்த கையை அப்படியே நிறுத்தினாள்.

செல்போன் டவரில் மாட்டுகிற பெட்டியைத்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அது பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில், மாற்றி மாற்றி. பேசும் நேரத்தில் காதை மூட ஒரு ஸ்விட்ச் உண்டு. அதுவும் அதை இயக்கும் புரோகிராமும் வீரமணியின் டிசைன். மூடாவிட்டால் பெட்டியின் கத்தலே அதன் காதைப் பொசுக்கிவிடும். பொசுக்கிக்கொண்டேதான் இருந்தது. அன்று காலையில்கூட பெட்டிக்குள் மாட்டுகிற சர்க்யூட் போர்டு ஒன்று எரிந்து போயிற்று.

“நாளைக்கு விஜயதசமி. டெல்லிக்காரங்க பாக்க வராங்க,” என்றார் மேனேஜர் அருள்தாஸ். “நாளைக்கும் எரிஞ்சா நீ வேற எடம் பாத்துக்கப்பா.”

“யாராவது கூட உக்காந்து பாத்தா, சார்...”

“உன் வேலைய இன்னொருத்தர் பாத்தா, அப்புறம் நீ எதுக்குப்பா?”

வீரமணி சந்தனக் கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டான். மகளை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான்.

ஸ்டோர் தங்கவேல் பூஜையை ஆரம்பித்தார். தாராளமான கை அவருக்கு. மீட்டர், கீபோர்டு, டீ ஃபிளாஸ்க் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனத்தை அப்பிக்கொண்டே போனவர், புதுப் போர்டின் சிப்புக்கும் ஒரு உருண்டை வைத்துக் குங்குமம் இட்டார்.

“இன்னா அண்ணே, சிப்பு மேலயே வச்சிட்டீங்க?”

“சாமிக்கு எது சிப்பு, எது டப்பான்னு தெரியுமாப்பா? குளுமையா இருக்கட்டும்.”

வீரமணி துடைக்கப் போனான். ஜெயசுதா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“கும்பிட்ட பொருள காலைல வரைக்கும் யாரும் தொடக் கூடாது. எல்லாரும் வெளிய போங்க. பொரி ஆறிப்போவுது.”

“பொரி எப்டிம்மா ஆறும்?” என்றார் அருள்தாஸ்.

“போங்க சார்.”

நவராத்திரி முழுக்க ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்தவளிடம் யார் வாதாடுவது? எல்லோரும் போனார்கள். தட்டில் பொரி பாதி தீர்ந்த பிறகு, லேபைப் பூட்டிய சாவியோடு அவள் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை டெல்லிக்காரர்களில் ஒருவர் குனிந்து போர்டைப் பார்த்தார். மஞ்சளாக என்ன இது என்று கேட்டார்.

“தெர்மல் பேஸ்ட், சார். சிப்போட சூட்ட இழுத்துக்கும்,” என்றார் அருள்தாஸ், கண் இமைக்காமல்.

வீரமணி கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் பட்டனைத் தட்டினான். பெட்டி பேசியது. கேட்டது. மறுபடி பேசியது. புகை வரவில்லை. டெல்லிக்காரர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

“நேத்து எரிஞ்ச அதே டிசைன். யாருமே தொடல,” என்றார் அருள்தாஸ். “மாறுனது இன்னா? சந்தனந்தான். இனிமே ஒவ்வொரு போர்டுக்கும் வைக்கணும். தங்கவேலு, பெரிய டப்பாவா வாங்கு. ஞாயித்துக்கிழம சர்ச்சுல என் பேர்ல ஒரு மெழுகுவத்தியும் ஏத்திடுறேன்.”

வீரமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா, நீங்க மட்டும் என் கைய தட்டிவிடலன்னா நான் தொடச்சிருப்பேன். சாயங்காலமே வில்லியனூர் கோயில்ல தேங்கா ஒடைக்கிறேன்.”

“ஒட. எனக்கு ஒரு மூடி குடு.”

எல்லோரும் டீக்குப் போனார்கள். ஜெயசுதா வீரமணியின் கீபோர்டு அருகில் வந்தாள். என்டர் பட்டனில் காய்ந்திருந்த சந்தனத்தில் ஒரு விரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது. துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தாயே, கும்பிட்டத தொட்டுட்டேன். மன்னிச்சிடு.”

நேற்று எல்லோரும் பொரிக்குப் போனபின் அவன் புரோகிராமில் அவள் மாற்றியது ஒரே ஒரு வரி: முதலில் காது மூடட்டும், கொஞ்சம் பொறுத்து வாய் திறக்கட்டும்.

போன மழைக்காலத்தில் அவள் கைத்தவறால் ஒரு மீட்டர் புகைந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, “கரண்டு தகராறு சார்” என்று கத்தியவன் வீரமணி. அதை அவள் பார்த்திருந்தாள். இதைப் பார்த்தது சுவரில் இருந்த சரஸ்வதி மட்டும்தான்.