சமையலறையில் நான்கு பல்புகள்

ஸோயா அக்கா ஸ்டூலின் மேல் ஏறி நின்று, கூரையிலிருந்து தொங்கிய தன் பல்பைக் கழற்றக் கையை நீட்டினாள். கீழே தெருவில், அவள் சாமான்களை ஏற்றிப்போக வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்டூல் ஆடியது.

எங்கள் குடியிருப்பில் நான்கு குடித்தனம், ஒரே சமையலறை, நான்கு பல்புகள். அவரவர் பல்புக்கு அவரவர் அறைக்குள் சுவிட்சு, அவரவர் மீட்டர். அடுத்தவர் வெளிச்சத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிப்பதும் அடுத்தவர் பையில் கைவிடுவதும் எங்களுக்கு ஒன்றுதான். வீடு மாறும்போது எங்கள் கார்கிவ் ஊர்க்காரர்கள் எதை மறந்தாலும் பல்பை மறக்க மாட்டார்கள்.

ஸோயா அக்காவுக்கு அவள் வேலை பார்த்த தையல் ஆலை, ஊர்க்கோடியில் தனி வீடு ஒதுக்கியிருந்தது. ஐந்தாவது மாடி. தனிச் சமையலறை, தனிக் குளியலறை, குழாயைத் திறந்தால் வெந்நீர். எங்கள் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் ஆளுக்கொரு மூட்டை தூக்கிக் கொடுத்தோம்.

எதையும் தொடாமல் நின்றது அர்க்காதி மட்டும்தான். அவளுடைய புருஷன். அதாவது, முன்னாள் புருஷன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேலை பார்த்த இடத்து யூனியனில் கொடுத்த விடுமுறைச் சீட்டில் யால்தாவுக்கு ஓய்வெடுக்கப் போனவர், கடற்கரையில் எவளோ ஒரு தொப்பிக்காரியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். படத்தை எங்கே அனுப்புவது என்று போட்டோக்காரன் கேட்டிருக்கிறான். மகராசன், பழக்கதோஷத்தில் வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டார். அவர் வந்து சேர்வதற்கு முன்னால் படம் வந்து சேர்ந்துவிட்டது.

கோர்ட்டு விவாகரத்து கொடுத்தது. எங்கள் ஊரில் அரசாங்கமோ ஆலையோ ஒதுக்கினால்தான் வீடு; இன்னொரு அறை கொடுக்க கோர்ட்டிடம் ஏது அறை? இருந்த ஒரே அறையின் நடுவில் துணி அலமாரியை நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். சமையலறையிலும் அவரவர் அடுப்பு, அவரவர் பல்பு.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் பக்கத்து அறையில் இருந்த என் வழியாகத்தான்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லு, பால் பொங்குதுன்னு" என்பாள். அந்த மனுஷன் என் தோளை உரசிக்கொண்டு நிற்பார். நானும் திரும்பி, "பால் பொங்குதாம்" என்பேன். அதற்குள் பால் வழிந்து அடுப்பே அணைந்திருக்கும்.

புத்தாண்டுக்கு ஒரு தட்டு நிறைய சாலட் செய்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, மிச்சம்தான், யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த 'யார்' யாரென்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் தொட மாட்டோம். காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். இரண்டு பேர் முதுகிலும் நாலு வைக்கலாம் போலவும் இருக்கும்.

"இனிமே முழு ரூமும் உனக்குத்தான்டா, ராஜா! கொஞ்சம் சிரியேன்" என்றாள் மூலை அறை பெலகேயா.

அர்க்காதி சிரிக்கவில்லை. அலமாரிக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது காதில் விழுந்தால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். இனிமேல் அந்த முழு அறையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஸ்டூல் மறுபடியும் ஆடியது. அவர் சட்டென்று குனிந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கீழே பார்த்தாள். விடு என்று சொல்லவில்லை.

தன் பல்பைக் கழற்றி, ஒரு கம்பளிக் காலுறைக்குள் பத்திரமாக நுழைத்து என்னிடம் கொடுத்தாள். இறங்கப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் ஸ்டூலிலேயே மெல்லத் திரும்பி, பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த அர்க்காதியின் பல்பைப் பிடித்தாள்.

"ஏய், அது அவன் பல்பு!" பெலகேயா கத்தினாள். "போறதுதான் போற, அவனை இருட்டுல வேற உக்கார வைக்கணுமா? பகல் கொள்ளையா இருக்கே!"

ஸோயா அக்கா கையை உதறிக்கொண்டாள். விரலை வாயில் வைத்தபடி, வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள்.

"அந்த மனுஷன்கிட்ட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாக, அன்றைக்கு மட்டும் எனக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அர்க்காதி" என்றாள், கீழே குனிந்து. "போய் சுவிட்சை அணை. கை சுடுதில்ல? அந்த வீட்டு சமையல்கட்டுக்கு ஒரு பல்பு பத்தாது."

அவர் அப்படியே ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஓடினார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், நடையில் நிறுத்தியிருந்த சைக்கிளைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன்.

பல்பு அணைந்தது. அவள் அதைக் கழற்றி முடிப்பதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். தலையில் தொப்பி, கையில் கயிறு சுற்றிய பெட்டி.

பெலகேயா நகர்ந்து வழிவிட்டாள்.

"இதை எப்போ கட்டின?" என்று கேட்டாள் ஸோயா அக்கா.

"நான் எங்க கட்டினேன்? யால்தா படம் வந்த அன்னைக்கு நீ கட்டித் தூக்கி எறிஞ்சியே, அதே பெட்டிதான்" என்றார் அவர். "சட்டையைத் துவைச்சுத் துவைச்சு இதுக்குள்ளயே வச்சுக்கிட்டேன். இத்தனை வருஷத்துல எதையும் வெளிய எடுத்து அடுக்கவே இல்ல, ஸோயா."