துடைக்காத கண்ணாடி

பழனிக்குமார் ஆறு மணிக்கு எழுகிறான். பல் தேய்க்கிறான், பால் காய்ச்சுகிறான், அலமாரியில் இருக்கும் இருபத்திரண்டு கூலிங் கிளாஸ்களில் இருபத்தொன்றைத் துடைத்து வைக்கிறான். எல்லாமே கம்பெனிகள் செய்வதை நிறுத்திவிட்ட விலையுயர்ந்த உலோக பிரேம்கள். துடைக்காத அந்த ஒன்றைச் சட்டைப்பையில் போடப் பயந்து, உள்ளங்கையில் ஏந்தியபடியே கண்ணாடிக் கடைக்கு வந்திருக்கிறான். திருகு கழன்று இடது கண்ணாடி ஆடுகிறது. அதில் மனைவி சத்தியபிரியாவின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

மூடுபனி கடை வாசல்வரை வந்து நிற்கிறது. கடைக்காரர் சூசைமுத்து பிரேமை விளக்கடியில் பிடிக்க, தங்க நிற விளிம்பு மினுங்குகிறது. பழக்கத்தில் அவர் கை மஞ்சள் துணிக்குப் போகிறது. “அண்ணே, தொடைக்காதீங்க!” “ஏலே, கத்தாதப்பா. இம்புட்டு அழுக்கா கெடக்கு. இதப் போட்டுக்கிட்டு நடந்தா நேரா ஏரிக்குள்ளதான் எறங்குவ.” “கெடக்கட்டும்ணே. திருகு மட்டும் போடுங்க.” அவர் புதுத் திருகை இடுக்கியால் எடுத்து வைக்கிறார். கண்ணாடி நழுவுகிறது. சட்டென்று தாங்கிய அவர் விரல், அந்த ரேகைக்கு ஒரு நெல்லளவு தள்ளி நிற்கிறது. திருகு மெல்ல இறுகுகிறது. “யாரு கைப்பா இது?” “எம் பொண்டாட்டி கைண்ணே.” “அப்ப வீட்டுக்குப் போயி அவங்களையே தொடச்சுத் தரச் சொல்லு.” அவன் பிரேமை மறுபடி உள்ளங்கையில் ஏந்திக்கொள்கிறான். நான்கு மாதம் முன்பு, பழனிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக இதை அவனிடம் நீட்டியபோது அவள் கடைசியாகச் சொன்னது, “பஜ்ஜி எண்ணெ அப்பிருச்சுங்க. மறக்காமத் தொடச்சு வச்சிருங்க.”